எழுத்து தெரிகிறது, வாசிக்க வரவில்லை: வீட்டுக் குறையா, வகுப்புக் குறையா?

கட்டபெட்டு_டீச்சர்

ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் ஒரே அறையில் நடக்கும் நீலகிரிப் பள்ளி. பாதிப் பிள்ளைகள் ஹட்டியிலிருந்து (படுகர் ஊர்) வருகிறார்கள், வீட்டில் படுகு மொழி. மீதிப் பேர் தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகள் (தொழிலாளர் வரிசை வீடுகள்), வீட்டில் தமிழ். இருளர் பிள்ளைகளும் உண்டு. சுவரில் தொங்கும் எழுத்து அட்டையை எல்லோரும் பாட்டாக ஒப்பிக்கிறார்கள். நடுவில் ‘ல’வை மட்டும் தொட்டுக் காட்டினால், வாய்க்குள்ளேயே க, ங, ச என்று முதலிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்து ‘ல’வில் நிற்கிறார்கள். சொல் என்று வந்துவிட்டால் முதல் எழுத்தைப் பார்த்து ஊகம்தான். ‘மரம்’ என்று எழுதினால் ‘மயில்’ என்கிறார்கள்.

பெற்றோரைக் கேட்டால் “அது ஸ்கூல் வேலைதானே டீச்சர்” என்கிறார்கள். கூட்டத்துக்குப் போனால் “வீட்டுச் சூழல் சரியில்லை” என்று பேசி முடித்துவிடுகிறார்கள். வீட்டில் எதைச் செய்யச் சொல்வது, வகுப்பில் எதைச் செய்வது? “புத்தகம் வாங்கிக் கொடுங்கள்” மாதிரி பொத்தாம்பொது யோசனை வேண்டாம்.

பனிமூட்டம்

டீச்சர், முதலில் குறை எங்கே என்று பிரித்துப் பாருங்கள். வாசிப்பு இரண்டு திறன்களின் பெருக்குத்தொகை என்று கஃப், டன்மர் என்ற ஆய்வாளர்கள் 1986இல் சொன்னார்கள்: எழுத்தைக் கூட்டிச் சொல்லாக்குவது ஒன்று, காதில் விழும் மொழியைப் புரிந்துகொள்வது மற்றொன்று. கூட்டல் இல்லை, பெருக்கல். ஒரு பக்கம் சுழியம் ஆனால் விடையும் சுழியம்.

ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிடம் போதும். மூன்று சோதனை.

முதலாவது, நடத்திய எழுத்துகளில் இருபதைத் தனித்தனி அட்டையில் எழுதிக் கலைத்துப் போட்டு ஒவ்வொன்றாகக் காட்டுவது. மூன்று விநாடிக்குள் ஒலி வராவிட்டால் அந்த எழுத்து தெரியாது என்றே குறியுங்கள். ஒப்பித்து வந்து சேர்வதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இரண்டாவது, பொருளே இல்லாத சொற்கள்: டமா, பாமட், மட்பா. இவற்றை ஊகிக்க முடியாது, கூட்டித்தான் ஆக வேண்டும்.

மூன்றாவது, எட்டு வரிக் கதையை நீங்கள் வாசித்துக் காட்டிவிட்டு மூன்று கேள்வி. அதில் ஒன்றாவது ‘ஏன்’ என்று இருக்கட்டும். பதில் படுகில் வந்தாலும் முழு மதிப்பெண்.

முதல் இரண்டில் தடுக்கி மூன்றாவதில் நன்றாகச் சொல்லும் பிள்ளைக்கு வீட்டுச் சூழலில் குறையே இல்லை. எழுத்தைக் கற்றுக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான். முதல் இரண்டும் சரியாக வந்து மூன்றாவதில் விழித்தால் மொழி வளரவில்லை. அங்கேதான் வீடும் கதையும் வேலை செய்யும். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் பெரும்பாலானவர்கள் முதல் வகை.

இன்னொன்று. கனடாவில் செனெஷல், லெஃபெவர் இருவரும் பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து 2002இல் வெளியிட்ட ஆய்வு இந்தச் சண்டைக்கு நேராகப் பொருந்தும். வீட்டில் கதை வாசித்துக் காட்டியது பிள்ளைகளின் சொல்வளத்தைக் கூட்டியது. பெற்றோர் உட்கார்ந்து எழுத்தைச் சொல்லிக் கொடுத்தது எழுத்தறிவைக் கூட்டியது. ஒன்று செய்த வேலையை மற்றொன்று செய்யவில்லை. கதை கேட்டுக் கேட்டுத் தானாக எழுத்து வந்துவிடும் என்று காத்திருப்பவர்களும், எழுத்து வந்துவிட்டால் கதை தானாகப் புரியும் என்று நம்புகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

கொம்பும்காலும்

மேலே சொன்ன முதல் வகைக்கு என்ன செய்வது என்பதை மட்டும் நான் சொல்கிறேன்.

247 என்ற எண்ணைப் பார்த்து மிரள வேண்டாம். 12 உயிர், 18 மெய், அப்புறம் குறிகள். ஆனால் குறிகள் எல்லாம் ஒரே மாதிரி இல்லை, பிள்ளை தடுக்குவதும் அங்கேதான். அகர வரிசையில் போனால் முதல் மாதம் முழுக்க ஒரு சொல்கூட வாசிக்கக் கிடைக்காது. வடிவ எளிமை, சொல் கிடைக்கும் வசதி இரண்டையும் பார்த்து வரிசை அமையுங்கள்.

முதல் கட்டம்: ட, ப, ம. கூடவே புள்ளி, துணைக்கால். இந்த ஐந்துக்குள்ளேயே படம், பட்டம், பாடம், மடம், மாடம், மாமா, பாப்பா எல்லாம் வந்துவிடுகின்றன. பிள்ளை முதல் வாரமே ‘வாசித்து’விடுகிறது.

இரண்டாம் கட்டம்: க, ல. கல், பல், பால், கால், பாலம், காகம், கப்பல், கடல்.

‘ர’வை மூன்றாம் கட்டத்துக்குத் தள்ளுங்கள். துணைக்காலும் ரகரமும் பல அச்செழுத்துகளில் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். இரண்டையும் ஒரே வாரத்தில் கொடுத்தால் ‘பாரம்’ என்ற சொல்லில் எது கால், எது ரகரம் என்று பிள்ளை திணறும். கால் பழகிய பிறகு ரகரத்தின் வால் தெளிவாகத் தெரியும்படி பெரிதாக எழுதிக் காட்டி மரம், பாரம், கார் என்று போங்கள்.

அடுத்த சிக்கல் உகரம். ஒரே குறி எல்லா மெய்க்கும் ஒட்டாது. மூன்று குடும்பமாகப் பிரித்து நடத்தலாம். கீழே கோடு இறங்குபவை: சு, பு, யு, வு. கால் வளைந்து மேலே ஏறுபவை: ணு, து, நு, லு, று, னு. சுழிப்பவை: கு, டு, மு, ரு, ழு, ளு. ஒரு குடும்பம் கைக்கு வந்த பிறகே அடுத்தது. ஊகாரத்தில் ‘கூ’ யாருடனும் சேராது, தனியாகச் சொல்லிக் கொடுங்கள். இந்தப் பிரிவினை தெரியாமல் “க் கூட உ சேர்த்தா கு, அதே மாதிரி மத்ததும்” என்று ஓட்டுவதால்தான் இரண்டாம் வகுப்பு பாதியில் நின்றுபோகிறது.

எழுத்து ஒன்று, ஒலி இரண்டு என்ற விவகாரமும் உண்டு. ‘பட்டம்’ சொல்லும்போது டகரம் வன்மையாக ஒலிக்கிறது, ‘படம்’ சொல்லும்போது மெலிகிறது. இதற்கு விதி சொல்லாதீர்கள், ஆறு வயதுக்கு அது சுமை. பட்டம்–படம், பக்கம்–பகல், அத்தை–அது என்று இணை இணையாக வாயில் சொல்லிப் பழக்கினால் காதே பிடித்துக்கொள்ளும்.

ஒரு நாள் பாடம்: நேற்றைய எழுத்துகள் கலைத்துப் போட்டு 3 நிமிடம், புது எழுத்து ஒன்று 5 நிமிடம், அட்டைகளைச் சேர்த்துச் சொல்லாக்குவது 10 நிமிடம், அந்தச் சொற்கள் வரும் மூன்று வரி வாசிப்பது 7 நிமிடம், இரண்டு சொல் எழுத வைப்பது 5 நிமிடம். அரை மணி. ஒரு எழுத்தை நூறு தடவை எழுதுவது இந்தக் கணக்கில் இல்லை. பத்தாவது தடவைக்கு மேல் கைதான் எழுதும், கண் பார்க்காது.

தேவாலா_மழை

எழுத்து வரிசை சரி. வகுப்பறையைப் பற்றி யாரும் பேசவில்லையே? நம்ம மலையில் அதுதான் பாதி.

தகரக் கூரைப் பள்ளியில் கன மழை நேரத்தில் ஆசிரியர் சொல்லும் ‘பல்’லும் ‘பள்’ளும் கடைசி வரிசைக்கு ஒன்றாகத்தான் கேட்கும். ணகரம் னகரம், ரகரம் றகரம் எல்லாம் அப்படித்தான். கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூனிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. கோத்தகிரி, குன்னூர் பக்கம் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஆக அந்தந்தப் பகுதிக்கு ஒலிப் பயிற்சி எந்த மாதத்தில், எந்த நேரத்தில் என்று முன்கூட்டியே தீர்மானிக்கணும். வானம் வெளுத்திருக்கும் காலை முதல் பாடவேளையில் ஒலிப் பயிற்சி. மழை கொட்டும்போது அட்டை சேர்த்தல், இணைந்து வாசித்தல், எழுதுதல். மழையோடு போட்டி போட்டுக் கத்தினால் தொண்டைதான் போகும், உயிரொலி நீண்டு மெய்யொலி மறைந்துவிடும்.

உட்கார வைப்பதில் ஒரு மாற்றம் செய்யலாம். வரிசையாக இல்லாமல் அரைவட்டமாக, ஆசிரியரின் வாய் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி, இரண்டு மீட்டருக்குள். சளி, காது வலி அடிக்கடி வரும் குளிர் ஊர். காதில் சீழ் வடியும் பிள்ளைக்கு, காது அடைத்த பிள்ளைக்கு ஒலி மங்கலாகத்தான் கேட்கும், அதை “கவனமில்லை” என்று எழுதிவிடுகிறோம். பிள்ளைகளைப் பரிசோதிக்க ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய கார்யக்ரம் குழு வரும்போது காது, கண் இரண்டையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

சுவர் அட்டை: பெரியவர் கண்ணுக்கு நேரே ஆணி அடித்து மாட்டுவது வழக்கம். ஆறு வயதுப் பிள்ளை கண் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அட்டையின் நடுப்பகுதி அங்கே வரணும், கை எட்டித் தொட முடியணும். ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் பளபளப்புத் தாள் வேண்டாம், வெளிச்சம் பட்டு எழுத்து தெரியாது. மூடுபனி நாளில் மதியம் மூன்று மணிக்கே அறை இருட்டிவிடும், எனவே விளக்கு வாசிப்பு மூலைக்கு மேலேயே இருக்கட்டும். ஒரே நேரத்தில் நாற்பது அட்டை தொங்கினால் பிள்ளை எதையும் பார்க்காது. இந்த வாரம் நடத்தும் எழுத்தும் அதில் வரும் எட்டுப் பத்துச் சொல்லும் போதும்.

வாசிப்பு மூலை: பீரோவுக்குள் பூட்டி வைத்த ஐம்பது புத்தகத்தைவிட கயிற்றில் கிளிப் போட்டு முன்னட்டை தெரியத் தொங்கும் பத்துப் புத்தகம் மேல். வாரம் ஒருமுறை பாதியை மாற்றுங்கள். முதுகு மட்டும் தெரிய அடுக்கினால் வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு எல்லாம் ஒரே புத்தகம்தான்.

ஈரம் பெரிய எதிரி. சுவரோடு ஒட்டி அடுக்கினால் மூன்று மழையில் பூஞ்சை. பத்து சென்டிமீட்டராவது இடைவெளி விடுங்கள். மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி நல்லது, ஆனால் ஈரமான புத்தகத்தை உள்ளே போட்டு மூடினால் அதுவே பூஞ்சைக்குத் தொட்டில். வெயில் வந்த நாளில் பக்கம் விரித்து நிழலில் உலர்த்திவிட்டு உள்ளே வையுங்கள். தாளை அரிக்கும் ராமபாணப் பூச்சிக்குக் காய்ந்த வேப்பிலை, மாதம் ஒருமுறை மாற்றணும். லேமினேட் செய்கிறவர்கள் ஓரத்தில் அரை அங்குலம் விட்டு வெட்டுங்கள். தாள் வரைக்கும் ஒட்ட வெட்டினால் ஈரம் உள்ளே இறங்கி நடுவில் கறுப்பாகும்.

லயன்வீட்டு_அப்பா

எல்லாரும் டீச்சருக்கே சொல்றீங்க. எங்க பக்கத்தையும் பாருங்க. காலைல ஏழரைக்குக் கொழுந்து எடுக்கப் போனா வீடு திரும்ப சாயங்காலம் அஞ்சு. அதுவரைக்கும் பிள்ளை பாட்டிகிட்ட. பாட்டிக்கு எழுத்து தெரியாது. வீட்ல கதைப் புத்தகம்னு ஒண்ணும் கிடையாது, பள்ளிப் புத்தகம்தான். பத்து நிமிஷம் ஒதுக்கலாம், அதுக்கு மேல பொய் சொல்ல மாட்டேன். அந்தப் பத்து நிமிஷத்துல என்ன செய்யறது? எழுத்து சொல்லிக் குடுக்கலாம்னா, நான் சொல்றது ஒண்ணு டீச்சர் சொல்றது ஒண்ணா இருக்குமோன்னு பயம்.

பனிமூட்டம்

அண்ணே, எழுத்தைப் பள்ளிக்கே விட்டுடுங்க. பத்து நிமிஷம் பேச்சுக்கு. வொய்ட்ஹர்ஸ்ட் குழு 1988இல் சோதித்துப் பார்த்த முறை இருக்கிறது: பெரியவர் வாசித்துக்கொண்டே போவதற்குப் பதில் பிள்ளையைப் பேச வைப்பது. நான்கு அடி. கேட்பது, சொன்னதைக் கவனிப்பது, அதில் ஒரு துண்டு சேர்த்துத் திருப்பிச் சொல்வது, பிள்ளையை ஒருமுறை சொல்ல வைப்பது.

படம் ஒன்று இருந்தால் போதும்.

“என்ன பண்ணுது?” “மாடு.” “ஆமா மாடு. கறுப்பு மாடு வேலி தாண்டுது. நீ சொல்லு.” “கறுப்பு மாடு வேலி தாண்டுது.” “ஏன் தாண்டுது?”

இவ்வளவுதான். எழுத்து தெரியாத பாட்டியும் இதைச் செய்யலாம். கேள்வி ‘இது என்ன’வோடு நிற்காமல் ‘ஏன்’, ‘அப்புறம் என்ன ஆகும்’, ‘நம்ம ஊர்ல எங்க இந்த மாதிரி பார்த்த’ என்று போகணும். ஒரே புத்தகத்தை ஒரு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் படம், மூன்றாம் நாள் கதை, ஐந்தாம் நாள் பிள்ளையே சொல்லும். தினம் புதுசு தேவையே இல்லை.

வாசிக்கத் தெரிந்தவர் வாசித்தால் விரலைச் சொல்லுக்கு அடியில் ஓட்டுங்கள். பிள்ளையின் கண் எங்கே பார்க்கிறது என்று கருவி வைத்துப் பார்த்த ஆய்வுகளில், பெரியவர் சுட்டாதவரை பார்வை படத்தை விட்டு எழுத்துப் பக்கம் மிக அரிதாகவே வந்தது. “பக்கத்துல உக்கார்ந்து கேக்கறானே, எழுத்து பார்த்திருப்பானே” என்பது நம்முடைய நினைப்பு மட்டும்.

புத்தகம் இல்லை என்பதற்கு: பள்ளியில் தமிழ்நாடு அரசின் வாசிப்பு இயக்கச் சிறு நூல்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படியில் இருக்கும். ‘நுழை’யில் ஒன்று கேட்டு வாங்குங்கள். கைப்பேசி இருந்தால் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசம், முதல் படிநிலையில் பக்கத்துக்கு ஓரிரு வரிதான். சிக்னல் கிடைக்கும் இடத்தில் இறக்கி வைத்துக்கொண்டால் லயனில் கிடைக்காவிட்டாலும் ஓடும்.

அப்புறம் வீட்டிலேயே அச்சு இருக்கிறது: தேதி கிழிக்கும் நாள்காட்டி, இலை எடைச் சீட்டு, ரேஷன் கடைப் பலகை, பேருந்துப் பலகை, தீப்பெட்டி. நாள்காட்டியைக் கிழிப்பது பிள்ளை வேலை, கிழமையை விரல் வைத்துச் சொல்வதும் அதன் வேலை. ஏழு சொல் வாரா வாரம் திரும்ப வருகிறது. கிழித்த தாளின் பின்பக்கம் சொல் எழுதப் பயன்படும்.

பாட்டிக்குத் தனி வேலை: விடுகதை. ஓசை விளையாட்டும். “கல்லு சொன்னா நீ பல்லு சொல்லு.” “பட்டம்னு சொல்லி கை தட்டு, எத்தனை தட்டு?” பட்-டம், இரண்டு. ஓசையைப் பிரிக்கத் தெரிந்த காதுக்குத்தான் எழுத்து ஒட்டும்.

செய்யக் கூடாதது: ஒவ்வொரு தவறுக்கும் குறுக்கே பாய்வது. பிள்ளை தடுக்கினால் மனசுக்குள் ஐந்து எண்ணுங்கள். பாதி நேரம் அதுவே திருத்திக்கொள்ளும்.

குன்னூர்_வண்டி

இதெல்லாம் இருக்கட்டும். வசதியான வீட்டுப் பிள்ளை நான்கு வயதுக்குள் மூன்று கோடிச் சொல் அதிகமாகக் கேட்கிறது என்று ஆய்வே இருக்கிறதே. லயன் வீட்டில் பத்து நிமிடம் எந்த மூலைக்கு? அதைவிட எல்கேஜியிலேயே ஆங்கில வழியில் போட்டுவிடலாம்.

பனிமூட்டம்

அந்த எண் ஹார்ட், ரிஸ்லி இருவரின் 1995 நூலில் வந்தது. அமெரிக்காவின் கான்சஸில் 42 குடும்பங்களை வைத்துக் கணித்தது. தாய் நேராகப் பிள்ளையைப் பார்த்துப் பேசியதைத்தான் பெரும்பாலும் எண்ணினார்கள். 2018இல் ஸ்பெர்ரி குழு, பிள்ளையைச் சுற்றி மற்றவர் பேசுவதையும் சேர்த்து எண்ணியபோது ஏழை வீடுகளுக்குள்ளேயே வித்தியாசம் பெரிதாக இருந்தது, அந்தப் பள்ளம் அதே அளவில் கிடைக்கவில்லை. லயனில் ஒரு முற்றத்தில் நான்கு வீட்டுப் பேச்சு. அதை எந்தக் கணக்கில் வைப்பீர்கள்? எண்ணை விடுங்கள் சார், பிள்ளை பேசினால் யாராவது பதில் பேசுகிறார்களா என்பதைப் பாருங்கள்.

ஆங்கிலம் பற்றி ஒரு வரி: வீட்டில் பேசாத மொழியில் எழுத்தைத் தொடங்கினால் மேலே சொன்ன பெருக்கலில் இரண்டு பக்கமும் சேர்ந்து சரியும். அதற்குத் தனி இழை தொடங்கலாம்.

கட்டபெட்டு_டீச்சர்

நன்றி. சோதனை வைத்துப் பார்க்கிறேன். படுகு பேசும் பிள்ளைகள் விஷயம் நிற்கிறது. ‘பால்’ என்ற அட்டையைப் பார்த்து ‘ஹாலு’ என்கிறார்கள். தவறு என்று போடுவதா?

ஹட்டிக்காரர்

படம் இருந்ததா டீச்சர்? படம் இருந்தால் படத்தைப் பார்த்துச் சொன்னதாகத்தான் கொள்ளணும். படத்தை மறைத்துவிட்டு எழுத்தை மட்டும் காட்டுங்க. அப்பவும் ‘ஹாலு’ வந்தால் பிள்ளை வாசித்து, பொருள் புரிந்து, வீட்டுப் பேச்சில் சொல்லியிருக்கு. பாதிக் கிணறு தாண்டியாச்சு. “ஆமா, ஹாலு. இங்க எழுதியிருக்கறதை எழுத்து எழுத்தா சொல்லு” என்று கேட்டால் ‘பால்’ வரும். ‘வால்’ என்று சொன்னால்தான் அது வாசிப்புப் பிழை.

“வீட்டுல படுகு பேசாதீங்க, தமிழ் பேசுங்க” என்று பெற்றோர் கூட்டத்தில் சொல்வதை முதலில் நிறுத்தணும். அரைகுறைத் தமிழில் நான்கு சொல் பேசும் தாயைவிட படுகில் நாற்பது சொல் பேசும் தாய்தான் மேல். கதையை முதலில் படுகில் யாராவது சொல்லட்டும், நான்காம் வகுப்புப் பிள்ளை போதும். மறுநாள் அதே கதை தமிழில். வரப்போகும் பத்துத் தமிழ்ச் சொல்லைப் பொருளைக் காட்டி வாயில் பழக்கிவிட்டு அப்புறம் எழுத்துக்குப் போங்க. இருளர் பிள்ளைகளுக்கும், கூடலூர் பக்கத்துப் பணியர், காட்டுநாயக்கர் பிள்ளைகளுக்கும், கொடைக்கானல் பக்கம் பளியர் பிள்ளைகளுக்கும் இதே வழிதான்.

தமிழ் வீட்டுப் பிள்ளைக்கும் இது உண்டு, யாரும் கண்டுக்கிறதில்லை. வீட்டில் ‘வீட்டுக்குப் போறேன்’, புத்தகத்தில் ‘வீட்டிற்குச் செல்கிறேன்’. அந்த வரியை முதலில் காதால் பல தடவை கேட்டிருந்தால்தான் கண் அதை எதிர்பார்க்கும். ஆசிரியர் தினமும் ஒரு கதையைப் புத்தகத்தில் உள்ளபடியே வாசித்துக் காட்டுவது அதுக்குத்தான், பேச்சுத்தமிழில் மாற்றிச் சொல்வது வேற வேலை.

பூம்பாறை_பூண்டு

வேகம் பற்றி ஒன்று சேர்க்கிறேன். 2021இல் வந்த நிபுண் பாரத் (ஒன்றிய அரசின் அடிப்படை எழுத்தறிவு, எண்ணறிவுத் திட்டம்) இலக்கு இரண்டாம் வகுப்பு முடிவில் நிமிடத்துக்கு 45 முதல் 60 சொல் என்கிறது. தமிழில் ‘போய்க்கொண்டிருந்தார்கள்’ ஒரே சொல். இடைவெளி விட்டு விட்டு எழுதும் மொழிகளில் அதுவே மூன்று நான்கு சொல்லாகும். அதனால் சொல்லை எண்ணாமல் ஒரு நிமிடத்தில் சரியாக வாசித்த எழுத்துகளை எண்ணிப் பதியுங்கள். ஒரே பிள்ளையின் போன மாதத்தோடு இந்த மாதத்தை ஒப்பிடலாம். ஆய்வாளர் சோனாலி நாக் கன்னடப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வில், நூற்றுக்கணக்கில் எழுத்துள்ள நம் மாதிரி வரிவடிவங்களை முழுதாகக் கற்பது ஆங்கில எழுத்துகளைவிட நீண்ட காலம் பிடிக்கிறது, முதல் இரண்டு வகுப்போடு முடிவதில்லை என்று தெரிந்தது. இரண்டாம் வகுப்பில் ‘ஞொ’ தெரியவில்லை என்பதற்காகக் கவலைப்படாதீர்கள். க, ப, ம, ல வரிசைகளில் தடுக்கல் இருந்தால் கவலைப்படலாம்.

கட்டபெட்டு_டீச்சர்

கடைசியாக ஒன்று. ஒரு பையன் ‘கொடி’யை ‘எ… கா… டி’ என்கிறான். கொம்பை முதலில் வாசிக்கிறான்.

கொம்பும்காலும்

இடமிருந்து வலம் என்று நாம் சொல்லிக் கொடுத்ததை அப்படியே செய்கிறான், புத்திசாலிப் பையன்தான். கொம்பைத் தனி எழுத்தாகக் காட்டாதீர்கள். ‘க’ அட்டையை நடுவில் வைத்து “க” என்று சொல்ல வையுங்கள். இடப்பக்கம் ஒற்றைக்கொம்பு அட்டையை நகர்த்தி ஒட்டியதும் “கெ”. அதை எடுக்காமல் வலப்பக்கம் துணைக்கால் சேர்ந்ததும் “கொ”. கை நகர்த்தும்போது வாய் மாற வேண்டும். கெ–கொ, பெ–பொ, மெ–மொ மூன்று இணையும் அட்டையில் வந்த பிறகு சொல்: கொடி, பொடி, பொட்டு, மொட்டு. அச்சில் காட்டும்போது முதல் சில நாள் கொம்பு, எழுத்து, கால் மூன்றையும் ஒரே பென்சில் வட்டத்துக்குள் போட்டு ஒன்று என்று காட்டுங்கள், அப்புறம் வட்டத்தை விட்டுவிடலாம். இரட்டைக்கொம்பை அதே வாரம் தொடாதீர்கள். கொ, கோ இரண்டும் குழம்பிவிடும்.